யாருடைய பாட்டு?

மாலை ஆறு மணிக்கு அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்க வேண்டுமானால் பூர்வ ஜன்ம புண்ணியம் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு புண்ணியம் இல்லை. நாற்பது வருஷங்களாக அம்பத்தூரில் இறங்குகிறவன் நான். அதுவரையில் நின்றுகொண்டே வந்து பழகிவிட்டது. நிற்பதில் ஒரு லாபமும் உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதையும் பாடுவதையும் அவர்கள் அனுமதி இல்லாமலே கேட்டுக்கொண்டு வரலாம். கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய வரும்படி.

2021 மார்ச் மாதக் கடைசி. கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து, இரண்டாவது அலை இன்னும் முழுவதுமாகத் தலைகாட்டாத சில வாரங்கள். பெரம்பூரில் ஏறிய நாலைந்து பையன்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, செல்போனில் ஒரு பாட்டை உரக்க வைத்தார்கள். குயில் கூவுவதுபோல் ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. ஒருவன் ரயில் பெட்டியின் தகரத்தில் தாளம் போட்டான். வண்டி வில்லிவாக்கத்தை விட்டுக் கொரட்டூர் வருவதற்குள், வாசலருகே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாள் முதற்கொண்டு பாதிப் பெட்டி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நானும் ஆட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எந்தப் படம் தம்பி?" என்று கேட்டேன்.

"படம் இல்ல சார். சும்மா பாட்டு" என்றான்.

"யார் பாடியிருக்கா?"

"தீ."

"எழுதினது?"

பையன் தாளத்தை நிறுத்தி யோசித்தான். "அதான் சார், கூடவே ஒருத்தர் வேகமாப் பாடறாரே, அவரு" என்றான். பெயர் தெரியவில்லை. அம்பத்தூர் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அந்த 'ஒருத்தர்', நான் இறங்கிய பிறகு அந்த ரயில் போய் நிற்கப் போகிற ஊர்க்காரர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பையனுக்கு எப்போது தெரிந்ததோ!

'என்ஜாய் எஞ்சாமி' என்ற அந்தப் பாட்டு 2021 மார்ச் 7ஆம் தேதி யூடியூபில் வெளியாயிற்று. இசை சந்தோஷ் நாராயணன். பாடியவர்கள் தீ, அறிவு இருவரும். வார்த்தைகள் அறிவினுடையவை. காட்சியாக எடுத்தவர் அமித் கிருஷ்ணன். சில மாதங்களுக்குள் பத்துக் கோடித் தடவைகளுக்கு மேல் அதை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். சினிமாவின் துணை இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு இத்தனை தூரம் நடந்தது சாதாரண விஷயமல்ல. நம் ஊரில் பாட்டு என்றால் படம்; 'படம் இல்லாத பாட்டு' என்பதைச் 'சும்மா பாட்டு' என்றுதான் அந்தப் பையனாலும் சொல்ல முடிந்தது. இந்தச் சும்மா பாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அறிவு அரக்கோணத்துக்காரர். முழுப் பெயர் அறிவரசு கலைநேசன். அவரை ஊரறியச் செய்த மேடை 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்கிற இசைக்குழு. டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து கூட்டிய குழு அது; 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. சாவு வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த பறையும் கானாவும் அன்றைக்கு மேடை நடுவில் வந்து உட்கார்ந்தன. ரஞ்சித் ஆவடிக்குப் பக்கத்துக் கரலப்பாக்கத்துக்காரர். அவருடைய முதல் படமான 'அட்டகத்தி'தான் (2012) சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். ஆக, உலகம் முழுவதும் சுற்றி வந்த இந்தப் பாட்டின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது எங்கள் ரயில் பாதையிலேயே ஆவடிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெருமை விமரிசனம் ஆகாது.

தீ ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், சந்தோஷ் நாராயணனின் வளர்ப்பு மகள். 'இறுதிச் சுற்று' படத்தில் (2016) ஒரு பாட்டுப் பாடி ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2018இல் வந்த 'ரவுடி பேபி'யைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் இல்லை. இவரும் அறிவும் சேர்ந்தது எதற்காக என்றால், வேரைப் பற்றி ஒரு பாட்டுச் செய்வதற்காக. வேர் என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம். பட்டணத்து ஹோட்டல்களில் மண்பானையை வைத்துவிட்டு வேர் என்கிறார்கள். இந்தப் பாட்டில் அது நாகரிகமாக மட்டும் நிற்காததற்குக் காரணம் அறிவின் பாட்டி.

அந்தப் பாட்டியின் பெயர் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர். அறிவே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நம்மில் பலருக்கு அந்தச் சரித்திரம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாரா. சிலருக்கு அதுவும் இல்லை. பஞ்சத்துக்குப் பயந்து தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் மலைக்காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கினார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். கறிகாய் பங்கு போடுவதுபோல்தான். போனவர்கள் யாரையும் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு இங்கே நிலம் இல்லை. அங்கே வளர்த்த செடியும் அவர்களுடையதில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டால் தலைப்பின் அர்த்தமே மாறிவிடுகிறது. 'சாமி' என்பது பண்ணையாளைக் கும்பிடவைத்த சொல். வரப்பின் மேல் குடையோடு நிற்பவரைப் பார்த்துச் சேற்றில் நிற்பவன் சொன்னது. அதே சொல்லைக் கிழவிகள் பேரக் குழந்தையைக் கொஞ்சுவதற்கும் வைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் ஆண்டையிடம் பயந்து சொன்ன வார்த்தையை ராத்திரி மடியில் கிடக்கிற குழந்தையிடம் ஆசையாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள் போலும். அறிவு இந்த இரண்டாவது சாமியை எடுத்துக்கொண்டார். அதன் பக்கத்தில் 'என்ஜாய்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை உட்கார வைத்தார். அப்படிச் செய்வதற்குத் தைரியம் வேண்டும். தமிழ்ப் பண்டிதர் முகம் சுளிப்பார். ஆனால் பேரன் பட்டணத்திலிருந்து கற்றுக்கொண்டு வந்த வார்த்தையும் பாட்டி வயலிலிருந்து கொண்டு வந்த வார்த்தையும் ஒரே வீட்டில் புழங்குவது தமிழ்நாட்டில் நாள்தோறும் நடக்கிற காரியம். தலைப்பில் இருப்பது அந்த வீடுதான்.

பாட்டின் உள்ளே போனால் முப்பாட்டன் காத்துக் கொடுத்த பூமியைப் பற்றிய நினைப்பு வருகிறது. ஊர் நீர்நிலையில் மனிதனுக்கு உள்ள பங்கு வாயில்லா ஜீவன்களுக்கும் உண்டு என்கிற எண்ணம் வருகிறது. இதைக் கேட்டபோது நான் எங்கள் அம்பத்தூர் ஏரியை நினைத்துக்கொண்டேன். நாங்கள் பையன்களாக இருந்தபோது கரைமேல் நின்றால் எதிர்க்கரை தெரியாது. இப்போது கரைக்கு உள்ளேயே வீடுகள் தெரிகின்றன. ஏரியில் பங்கு கேட்கக் கொக்குக்கு வக்கீல் இல்லை. இதை நான் எழுதினால் நாலு பக்கம் ஆகிப் படிக்கிறவருக்குத் தூக்கம் வரும். அறிவு ஒரு மூச்சில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார். பாட்டாசிரியனைப் பார்த்துக் கதாசிரியன் பொறாமைப்படுகிற இடம் இது.

இனிக் குரல். மரம் வைத்து வளர்த்தவளுடைய தோட்டம் செழிக்கிறது, அவளுடைய தாகம் மட்டும் தணியவில்லை என்கிற கருத்து பாட்டின் நடுவே வருகிறது. தேயிலைத் தோட்டத்தின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு நினைப்பில் அடங்கியிருக்கிறது. அதைப் பாடுகிறவர் தீ. எந்தப் பாடகியும் அழுதுவிடத் தூண்டுகிற இடம். சங்கீத சபைப் பாடகி கமகத்தைக் கொட்டியிருப்பார். சினிமாப் பாடகி விம்மியிருப்பார். தீ இரண்டும் செய்யவில்லை. கொஞ்சம் கரகரத்த, அடங்கிய குரலில், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அழுகையைக் கேட்கிறவனுக்கு விட்டுவிடுகிறார்.

பலர் நினைக்காத இன்னொன்றும் உண்டு. ஒப்பாரி பெண்களின் சொத்து. ஆண்கள் பறை அடிக்கலாம், பாடை கட்டலாம். மார்பில் அடித்துக்கொண்டு இறந்தவன் பெருமையையும் இருப்பவள் கதியையும் பாட்டாக இழைப்பவள் பெண். பாட்டியின் வார்த்தை பேரனுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை எழுதினார். ஆனால் அது மறுபடியும் பாட்டாக ஆவதற்கு ஒரு பெண்ணின் தொண்டை தேவைப்பட்டது. அந்தத் தொண்டை இலங்கையின் இன்னொரு பக்கத்திலிருந்து, கடல் தாண்டிச் சென்ற குடும்பம் ஒன்றிலிருந்து வந்தது. 'இலங்கைத் தமிழர்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஈழத் தமிழரின் கதை வேறு, மலையகத்தின் கதை வேறு. இரண்டும் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்க்காமலே நெடுநாள் இருந்திருக்கின்றன. இந்தப் பாட்டில் அவை ஒரே தாளத்துக்கு நடக்கின்றன. ஆகையால் தீயை வெறும் கூலிப் பாடகியாக நினைப்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். பாட்டு மிகவும் இனிப்பாக இருக்கிறது. பல்லவியின் இனிப்பு வாயில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கிற கசப்பை நாக்கு அறியாமல் செய்துவிடுகிறது. கல்யாண வரவேற்பில் இதைப் போட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடினவர்கள் யாருக்கும் தாங்கள் ஆடுவது ஒரு கூலிக்காரக் கிழவியின் துயரத்துக்கு என்று தெரியாது. காட்சியாக எடுத்ததிலும் இந்தச் சங்கடம் இருக்கிறது. வர்ணம் ஜாஸ்தி, உடுப்பு ஜாஸ்தி. உழைத்தவர்களை ராஜாவாகவும் ராணியாகவும் உட்காரவைத்து மரியாதை செய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அழகு அதிகமாகும்போது நிலம் பின்னுக்குப் போய்ப் படுதாவாகிவிடுகிறது. 'என்ஜாய்' ஜெயித்துச் 'சாமி' தோற்கிற இடங்கள் இவை. பாட்டின் பிற்பகுதியில் ஒப்பாரிச் சாயல் எழும்போதுதான் தராசு மறுபடி நேராகிறது.

பாட்டு வந்த ஐந்து மாதத்தில் சச்சரவும் வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு தீயின் படத்தை இன்னொரு பாடகரின் படத்தோடு அட்டையில் போட்டது. அறிவு அட்டையில் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்காகத் தனியாக ஓர் அட்டை வெளியிட்டார்கள். 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலக நாடுகளின் முன்னால் இந்தப் பாட்டுப் பாடப்பட்டது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அறிவு எழுதினார்: மெட்டும் வார்த்தையும் தன்னுடையவை, ஒரு சொல்லைக்கூட யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, பல மாத உழைப்பு அது என்று. பாட்டின் எண்ணம் தீயிடமிருந்து தொடங்கியது, மூவருடைய உழைப்பும் அதில் இருக்கிறது, வருமானமும் சமப் பங்குதான் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அறிவின் பெருமையைத் தான் எங்கேயும் மறைத்ததில்லை என்றார் தீ. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து அதுவரை மூவரில் ஒருவருக்கும் ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்று! தோட்டம் செழித்தும் தாகம் தணியாத கதை பாடினவர்களுக்கே பலித்துவிட்டது.

நான் நீதிபதி இல்லை. ஒரு அறையில் மூன்று பேர் உட்கார்ந்து செய்த காரியத்தில் எந்த ஸ்வரம் யாருடையது என்று வெளியே நின்றவன் தீர்ப்புச் சொல்வது அகம்பாவம். ஆனால் அந்த அறைக்குள் போகாமலே எல்லோரும் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பாட்டு வெளியானபோது அதன் தலைப்பில் தீயின் பெயர் முதலில் வந்தது. அறிவின் பெயர், உடன் பங்கேற்பவர் என்கிற பொருள் தரும் ஒரு சின்ன இங்கிலீஷ்க் குறிக்குப் பின்னால் வந்தது. இசை வியாபாரத்தில் இது சாதாரண வழக்கமாம். இருக்கட்டும். பாட்டியின் வீட்டுக்குள் பேரன் விருந்தாளியாக நுழைந்தான் என்று அதற்கு அர்த்தம். சச்சரவின் விதை அந்தக் குறிதான். அட்டைப்படமும் மேடையும் அதிலிருந்து முளைத்தவை.

இதற்கு முன்னால் தமிழில் நடந்த ஒரு கூட்டு முயற்சி நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பிலிருந்து கவிஞர் இன்குலாப் 'மனுசங்கடா' பாட்டை எழுதினார். கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது என்ற கல்லூரி ஆசிரியர் அவர். பாடியவர் கே. ஏ. குணசேகரன், மாரந்தையில் தலித் குடும்பத்தில் பிறந்து, பிறகு பேராசிரியரானவர். எழுதினவர் அந்தத் துன்பத்துக்கு வெளியே பிறந்தவர். பாடினவர் உள்ளே பிறந்தவர். 'என்ஜாய் எஞ்சாமி'யில் இது தலைகீழ். 'மனுசங்கடா' ஊர் ஊராகப் போனபோது பலர் அதைக் குணசேகரன் பாட்டு என்றார்கள், பலர் இன்குலாப் பாட்டு என்றார்கள். இருவரும் அதனால் குறையவில்லை. 2016இல், ஒரே வருஷத்தில், இருவரும் காலமானார்கள். பாட்டு இன்னும் போராட்டப் பந்தல்களில் இருக்கிறது. காரணம், அதைச் சுற்றி விற்பனை இல்லை. பந்தலுக்கு அட்டைப்படம் கிடையாது. காசு புழங்காத இடத்தில் பெயரைப் பற்றிச் சண்டை வருவதில்லை. காசு புழங்குகிற இடத்தில் பெயர்தான் காசு. ஆகவே, "பாட்டு எல்லோருக்கும் பொது, பெயரைப் பற்றி ஏன் சண்டை?" என்று பெரிய மனசோடு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அவர்கள் பெயர் எங்கேயாவது பத்திரமாக அச்சாகியிருக்கும்.

நாட்டுப்பாடல் விஷயத்தில் நம் யோக்கியதை தெரிந்ததுதான். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) போன்ற நூல்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகள் காற்றோடு போயிருக்கும். அந்தக் கடனை மறப்பவன் நன்றி கெட்டவன். ஆனாலும் புத்தகத்தின் முதுகில் நிற்பது தொகுத்தவர் பெயர். களத்துமேட்டில் பாடியவள் 'நாட்டார்' என்ற பொதுப் பெயருக்குள் போய்விடுகிறாள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல், 29 வயதில், இறந்தார். அவர் எழுதிய பாட்டுகளையே ஜனங்கள் நடிகர் பெயரைச் சொல்லித்தான் நெடுநாள் அழைத்தார்கள். எழுதியவனுக்கே இந்தக் கதி என்றால் எழுதத் தெரியாதவளின் கதி என்ன?

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் இதை எழுதத் தொடங்கியதற்கு உண்மைக் காரணம் வேறு.

நான் இளைஞனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குத் திருமுல்லைவாயில் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கீரை விற்க வருவாள். என் தாயார் இறந்த அன்று கூடையை வாசல் திண்ணையில் இறக்கிவிட்டு, யாரும் அழைக்காமலே பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து பாடினாள். அரை மணி நேரம். என் தாயார் கீரைக்குப் பேரம் பேசியது, பேரம் முடிந்தபின் மோர் கொடுத்தது எல்லாம் அந்தப் பாட்டில் வந்தன. உறவுக்காரப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சில வருஷம் கழித்து ஒரு நாவல் எழுதினேன். அதில் ஒரு சாவு வருகிறது. நினைவிலிருந்த அந்த ஒப்பாரியை அநேகமாக அப்படியே எடுத்து ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தேன். ஒரு விமரிசகர் அந்த நாவலில் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்லி, ஆசிரியரின் காது அபூர்வமானது என்று எழுதினார். நான் அந்தப் பத்திரிகையைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

அறிவின் சச்சரவைப் படித்த அன்று அந்தக் கத்தரிப்பு நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளின் பெயர் என்ன என்று யோசித்தேன். தெரியவில்லை. மறந்துபோகவில்லை, கேட்டதே இல்லை. தெருவில் மிஞ்சியிருக்கிற இரண்டு மூன்று வயதானவர்களை விசாரித்தேன். "கீரைக்காரம்மாதானே?" என்றார்கள். அவர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். திருமுல்லைவாயிலுக்கும் போய் வந்தேன். அவள் இருந்ததாகச் சொன்ன இடத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு இருக்கிறது.

ஆகையால், 'என்ஜாய் எஞ்சாமி'யில் எது பெரிது, வார்த்தையா குரலா என்று என்னைக் கேட்டால், இரண்டையும்விட ஒரு காரியம் பெரிதாகப் படுகிறது. அறிவு தன் பாட்டியின் பெயரைச் சொன்னார். கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார். 2024இல் அவர் வெளியிட்ட ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். தன் பெயருக்காகச் சண்டை போட்டவர், அந்தப் பெயரையே பாட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டுவிட்டார். அவர் கேட்டது தனக்கு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாட்டுப்பாடல் என்றாலே பெயர் இல்லாதது என்று நாமெல்லாம் இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த இலக்கணம் சௌகரியமான பொய் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பாடியவளுக்குப் பெயர் இருந்தது. நாம் கேட்கவில்லை.

என் நாவலுக்கு அடுத்த பதிப்பு வரப் போகிறது. முன்பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: 'இதில் வரும் ஒப்பாரி, அம்பத்தூரில் கீரை விற்ற ஒரு அம்மாள் பாடியது.' பதிப்பாளர் நண்பர் படித்துப் பார்த்துவிட்டு, "பெயரையும் போட்டுவிடலாமே சார்?" என்றார். நல்ல மனுஷர். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.